அரிக்கமேட்டு வாத்தியார்

ஆண்டு மலருக்கு மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மலர்க் குழுவில் என்னைக் கேட்டார்கள். பாரதியார் ஆயிற்று, பாரதிதாசன் ஆயிற்று, விஸ்வேஸ்வரய்யாவும் அப்துல் கலாமும் ஆயிற்று. நம்ம மலரில் வராத தலைவர் யார் இருக்கிறார் என்று யோசித்தபோது, என் இன்ஸ்ட்ருமெண்ட் பாக்ஸுக்குள் கிடந்த ஒரு சின்னப் பாசிமணி ஞாபகத்துக்கு வந்தது. அந்த மணிதான் என்னை இந்த மனிதரிடம் கொண்டுபோய் விட்டது.

அவர் பெயர் கப்ரியேல் ழுவோ துப்ராய். பிரெஞ்சுக்காரர். நம்ம ஊர் வாத்தியார். தமிழ்நாட்டுக் கோயில்களின் வரலாறு படிக்கிற யாருக்கும் தெரிந்த பெயர். நம்மை மாதிரி சிவில், மெக்கானிக்கல் பசங்களுக்குத்தான் தெரியாமல் போய்விட்டது. உண்மையில் அவர் செய்த வேலை நம்ம டிராயிங் ஹால் வேலைக்கு ரொம்ப நெருக்கமானது. படித்துப் பாருங்கள், ஒத்துக்கொள்வீர்கள்.

மணி வந்த கதை

முதல் வருஷம் படிக்கும்போது நண்பர்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிக்கமேட்டுக்குப் போனோம். அரியாங்குப்பம் தாண்டி, காக்காயந்தோப்புப் பக்கம், ஆற்றங்கரையில் மாமரமும் தென்னையுமாக இருக்கும் இடம். டவுனிலிருந்து நாலு கிலோமீட்டர்தான். பழைய செங்கல் சுவர் ஒன்று தூண்களோடு நிற்கிறது. அதுதான் ரோமானியர் கட்டிடம் என்று நினைத்து எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். அது பிற்காலத்தில் பாதிரிமார்கள் கட்டிய வீட்டின் மிச்சம் என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

மழை பெய்து ஓய்ந்த நேரம். மண் கரைந்த ஒரு சரிவில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிசாகச் சிவப்பு நிறத்தில் என்னவோ பளபளத்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தால், நடுவில் துளை போட்ட பாசிமணி! யாரும் பார்க்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திருடுகிறோம் என்ற நினைப்பே வரவில்லை. கீழே கிடந்ததை எடுத்தேன், அவ்வளவுதான். ஹாஸ்டலில் ரெண்டு நாள் எல்லோரிடமும் காட்டிப் பெருமை அடித்துவிட்டு, காம்பஸுக்குப் பக்கத்தில் வைத்து மூடிவிட்டேன்.

அந்த மணி எந்தக் காலத்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் நூலகத்தில் தேட ஆரம்பித்தேன். எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் அரிக்கமேடு என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே இந்த வாத்தியாரின் பெயரும் இருந்தது.

சைகோனிலிருந்து புதுச்சேரிக்கு

ழுவோ துப்ராய் 1885-ஆம் ஆண்டு சைகோனில் பிறந்தார். இன்றைய வியட்நாமில் ஹோ சி மின் நகரம் என்று சொல்கிறார்களே, அதே ஊர். அப்போது அதுவும் நம்ம புதுச்சேரி மாதிரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1909-ல், இருபத்து நாலு வயது இளைஞராக, இங்கே கொலேழ் கொலோனியல் என்ற பிரெஞ்சுக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார். அந்தப் பள்ளிதான் இன்றைக்கு லிசே பிரான்சே என்ற பெயரில் நடக்கிறது.

வெள்ளைக்காரத் தெருவில் வீடு, கடற்கரையில் மாலை நடை, லீவு விட்டால் கப்பல் ஏறிப் பிரான்சுக்குப் போவது. அவரைப் போன்ற அதிகாரிகளும் ஆசிரியர்களும் அப்படி இருந்துவிட்டுப் போயிருக்கலாம். இவருக்கோ கோயில் பைத்தியம். தென்னாட்டில் இத்தனை ஆயிரம் கோயில் இருக்கிறதே, எது பழசு, எது புதுசு, எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

இன்றைக்கு நமக்கு இது சாதாரணமாகத் தெரியும். அன்றைக்கு அப்படி இல்லை. கல்வெட்டு இருந்தால் ராஜா பெயரைப் படித்துச் சொல்லலாம். இல்லையென்றால் ஊர்க்காரர் சொல்லும் கதைதான். எந்தக் கோயிலைக் கேட்டாலும் ஆயிரம் வருஷம், ஐயாயிரம் வருஷம் என்பார்கள். ஜேம்ஸ் பெர்குசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1876-ல் இந்தியக் கட்டிடக்கலை பற்றிப் பெரிய நூல் எழுதியிருந்தார். ஆனாலும் ஒரு தூணைப் பார்த்து இது இன்ன நூற்றாண்டு என்று சொல்லும் வழி யார் கையிலும் சரியாக இல்லை.

கல்தச்சர்தான் குரு

இந்த இடத்தில் அவர் செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கோயில் திருப்பணி நடக்கும் இடங்களுக்குப் போனார். உளியும் சுத்தியுமாக உட்கார்ந்திருந்த ஸ்தபதிகளிடமும் கல்தச்சர்களிடமும் போய் நின்றார். இந்த உறுப்புக்குப் பேர் என்ன, அதன் மேலே இருப்பதற்குப் பேர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். போதிகை, பலகை, குடம், நாகபந்தம், கூடு, பஞ்சரம் என்று அவர்கள் வாயில் புழங்கிய சொற்களையே தன் நூலில் வைத்தார். பிரெஞ்சில் புதுப் பெயர் சூட்டிக்கொண்டிருக்கவில்லை.

இதில் அவர்தான் முதல் ஆள் என்று சொல்ல முடியாது. நம்மவர் ராம் ராஸ் அதற்கு வெகு முன்பே சிற்ப நூல்களைத் தேடிப் படித்து, தெரிந்த ஆட்களிடம் விளக்கம் கேட்டு எழுதியிருந்தார். அது 1834-ல் லண்டனில் நூலாக வந்தது. துப்ராய் அடுத்த படிக்குப் போனார். கைவேலைக்காரரிடம் கேட்ட பெயரை வைத்துக்கொண்டு, காலம் தெரிந்த கோயில்களில் அந்த உறுப்பு எப்படி எப்படி மாறி வந்திருக்கிறது என்று வரிசையாகப் படம் வரைந்து ஒப்பிட்டார். 1914-ல் பாரிஸில் அவர் நூல் ரெண்டு பாகமாக வெளிவந்தது. ஒன்று கட்டிடக்கலை, மற்றது தெய்வ உருவங்கள் பற்றியது. கட்டிடக்கலைப் பகுதி 1917-ல் ஆங்கிலத்தில் வந்து தமிழ்நாட்டுக்குள்ளும் பரவியது.

ஒரு ஊருக்குப் போகிறவன் அந்த ஊர் உழைப்பாளியை வாத்தியாராக ஏற்றுக்கொள்வது சின்ன விஷயமா? அவர் ஆளும் இனத்தைச் சேர்ந்தவர். எதிரில் உட்கார்ந்திருந்தவர் கூலிக்குக் கல் செதுக்குகிறவர். சைட்டில் மேஸ்திரியிடம் சந்தேகம் கேட்கவே வெட்கப்படும் டிப்ளமாக்காரர்கள் நம்மில் எத்தனை பேர்!

போதிகையைப் பார், வயசைச் சொல்

அவர் சொல்லிக்கொடுத்த வித்தையில் ஒரு துளியை இங்கே தருகிறேன். தூணுக்கு மேலே, உத்தரத்தைத் தாங்கிக்கொண்டு ரெண்டு பக்கமும் கை நீட்டினாற்போல ஒரு கல் இருக்குமே, அதுதான் போதிகை. நம்ம ஸ்ட்ரக்சர்ஸ் பாஷையில் சொன்னால், உத்தரத்தின் பாரத்தை வாங்கித் தூணில் இறக்குவது. அது கூடவே கோயிலின் வயசையும் சொல்லும் என்று காட்டினார்.

பல்லவர் காலத்தில் போதிகை வளைவாக, அலை அலையாக இருக்கும். சோழர் காலத்தில் அந்த வளைவு போய், சாய்வாக வெட்டிவிட்டாற்போல் ஆகி, நடுவில் ஒரு நீட்டல் எட்டிப் பார்க்கும். விஜயநகர காலத்துக்கு வந்தால் அதுவே பூவாக மாறித் தலைகீழாகத் தொங்க ஆரம்பிக்கும். நாயக்கர் காலமும் அதற்குப் பிந்தியதும் என்றால், முழு வாழைப்பூவே தொங்கும். பல்லவர் 600 முதல் 850 வரை, சோழர் 850 முதல் 1100 வரை, பிற்காலச் சோழர்-பாண்டியர் 1350 வரை, விஜயநகரம் 1600 வரை, அதன் பிறகு மதுரைப் பாணி என்று அஞ்சு கட்டமாகப் பிரித்தார். இன்றைக்குச் சில இடங்களில் திருத்தங்கள் வந்திருந்தாலும் மொத்த அமைப்பு நிற்கிறது.

நம்பிக்கை இல்லையா? பஸ் ஏறிப் பாகூருக்குப் போய் மூலநாதர் கோயிலைப் பாருங்கள். விழுப்புரம் ரோட்டில் திருபுவனை வரதராஜப் பெருமாள் கோயிலும் மதகடிப்பட்டுக் குண்டாங்குழி மகாதேவர் கோயிலும் இருக்கின்றன. மூணுமே சோழர் காலத்தவை, மூணுமே நம்ம புதுச்சேரி எல்லைக்குள். கழுத்து வலிக்கிற வரைக்கும் அண்ணாந்து பாருங்கள். கைடு வேண்டாம், போதிகையே பேசும்.

ஊர் ஊராக

1910-களில் ஊர் சுற்றுவது என்றால் இன்றைய மாதிரி பைக்கை முறுக்கிக்கொண்டு போவது இல்லை. புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்கு 1879-லேயே ரயில் வந்துவிட்டது. அதற்கு அப்பால் மாட்டுவண்டிதான், வண்டி போகாத இடத்தில் கால்நடைதான். பல்லவர் குடைந்த குகைக் கோயில்களோ ஊருக்கு வெளியே, பாறையும் முள்ளுமாக இருக்கும் இடங்களில் இருக்கின்றன. தளவானூர், மண்டகப்பட்டு, சீயமங்கலம், மாமண்டூர், மகேந்திரவாடி என்று அந்தக் குகைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1916-லும் 1918-லும் பல்லவர் தொல்பொருள்கள் பற்றி ரெண்டு பாகம் எழுதினார். மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை என்று இருக்கும் கனத்த தூண்தான் மகேந்திரவர்மன் பாணியின் அடையாளம் என்று இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் அவர் உழைப்பு இருக்கிறது.

புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் சமணக் குகையில் ஓவியங்கள் இருப்பதைத் தொல்லியல் அறிஞர் கோபிநாத ராவ் கண்டிருந்தார். அவர் மூலம் அறிந்து, 1920-ல் துப்ராய் அதை வெளியுலகத்துக்கு எழுதினார். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் பிராகாரத்துச் சின்னச் சின்ன சன்னதிகளில், சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் பல்லவர் கால ஓவியம் ஒளிந்திருப்பதை 1931-ல் கண்டுபிடித்தார். எத்தனையோ பேர் தினம் கும்பிட்டுவிட்டுப் போன சுவர் அது.

சித்தன்னவாசலில் அவர் ஒரு தப்பும் செய்தார். அந்த ஓவியங்கள் மகேந்திரவர்மன் காலத்தவை என்று சொன்னார். பிறகு அதே குகையில் இருந்த கல்வெட்டைப் படித்தபோது, 9-ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் திருப்பணி நடந்திருக்கிறது என்று தெரிந்தது. ஓவியங்களும் அந்தக் காலம்தான் என்று அறிஞர்கள் திருத்திக்கொண்டார்கள். ஓவியம் அங்கேயே இருந்தது, கல்வெட்டும் அங்கேயே இருந்தது. அதனால் தப்பைத் திருத்த முடிந்தது. இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அரிக்கமேடு

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். அரிக்கமேட்டில் பழைய மிச்சங்கள் இருப்பதை 18-ஆம் நூற்றாண்டிலேயே லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானியல் அறிஞர் குறித்திருந்தார். பிறகு அதை யாரும் பெரிசாகக் கண்டுகொள்ளவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் அந்த மேட்டைத் தெரியும். மழை பெய்து மண் கரைந்தால் பாசிமணியும் கல்மணியும் கிடைக்கும் என்பது அவர்கள் அனுபவம்.

1937-ல் துப்ராய் அந்தப் பிள்ளைகளிடமிருந்து மணிகளைக் காசு கொடுத்து வாங்கினார். தானும் தரையில் கிடந்ததைப் பொறுக்கினார். அதில் ஒன்று மோதிரத்தில் பதிக்கிற மாதிரி குடைந்து செதுக்கிய கல். அதில் ஒரு ஆண் தலை. பழைய நாணயங்களில் நல்ல பழக்கம் உள்ளவர் ஆனதால், அது ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் முகம் என்று அடையாளம் சொன்னார். இது ரோமானியர் தொடர்புள்ள பழைய நகரம் என்று கவர்னருக்கே தெரிவித்தார்.

பிறகு 1940-களின் தொடக்கத்தில் பாதர் போஷோவும் சுர்லோவும் தோண்டினார்கள். அவர்கள் முறையாகத் தொல்லியல் படித்தவர்கள் அல்ல. கிடைத்ததில் சிலவற்றை இந்திய அருங்காட்சியகங்களுக்கும் சிலவற்றை வியட்நாமின் ஹனாய் வரைக்கும் அனுப்பிவைத்தார்கள். 1945-ல் மார்ட்டிமர் வீலர் வந்து முறைப்படி அகழ்ந்தார். அதே 1945-ல்தான் துப்ராய் காலமானார். அறுபதுதான் வயது. பிறகு 1947 முதல் 1950 வரை கசால் என்ற பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையிலான குழுவும் தோண்டினார்கள்.

வீலர் தோண்டியதால் என்ன கிடைத்தது? நம்ம சர்வே பாஷையில் சொல்கிறேன், சட்டென்று புரியும். லெவலிங் எடுக்கும்போது முதலில் என்ன தேடுவோம்? பெஞ்ச் மார்க். அதன் மட்டம் உறுதியாகத் தெரியும். அதிலிருந்துதான் மற்ற இடங்களின் மட்டத்தைக் கணக்குப் போடுவோம். அரிக்கமேட்டு மண் அடுக்கில் இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ பகுதியில் வளர்ந்த வகைச் சிவப்பு மட்கலம் கிடைத்தது. அதன் காலம் கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டியது என்று ஏற்கனவே தெரியும். அப்படியென்றால் அதே அடுக்கில் கிடந்த நம்ம ஊர்ப் பானை ஓட்டுக்கும் அதே காலம்தானே! அந்த வகைப் பானை ஓடு வேறு ஊரில் கிடைத்தால் அங்கேயும் காலக் கணக்கைத் தொடங்கலாம். இப்படி நம்ம காக்காயந்தோப்பு மேடு தென்னிந்திய வரலாறு முழுவதற்கும் ஒரு பெஞ்ச் மார்க் ஆயிற்று. வீலர் போட்ட சில கணக்குகளைப் பெக்லி குழு திருத்தியது. அதுவும் அடுக்குகள் மண்ணுக்குள் மிச்சம் இருந்ததால் முடிந்தது.

இந்தப் பக்கத்தைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பெஞ்ச் மார்க் கல்லை எவனாவது அழகாக இருக்கிறது என்று பிடுங்கிக்கொண்டு போனால் அவனை என்ன சொல்லுவோம்? என் டப்பாவில் கிடந்த மணி ஒரு துண்டு பெஞ்ச் மார்க் இல்லையா?

ஒரு கறை

மலருக்கு எழுதும் வரலாற்றில் பெரியவர்களின் குறையைச் சொல்வது வழக்கமில்லை. ஆனால் இதை மறைத்துவிட்டு எழுதினால் நான் எழுதியதே பொய்யாகிவிடும்.

1926-ல் காஞ்சிபுரம் வட்டாரத்தில் துப்ராய் சில கற்சிலைகளைக் கண்டார். 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. யோகினி என்று சொல்லப்படும் பெண் தெய்வங்கள். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, பல கைகளோடு, உட்கார்ந்த கோலத்தில், உக்கிரமும் அழகும் கலந்த சிலைகள். அவற்றில் பலவற்றைப் பாரிஸில் இருந்த கலைப்பொருள் வியாபாரி சி.டி. லூ என்பவருக்கு அவர் அனுப்பிவைத்தார். லூவிடமிருந்து அவை உலகம் பூராவும் சிதறின. இன்றைக்கு அந்த வரிசையைச் சேர்ந்த சிலைகள் பாரிஸ், லண்டன், வாஷிங்டன், டெட்ராய்ட், டொராண்டோ என்று கண்ணாடிக்குப் பின்னால் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. சில மட்டும் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பத்மா கைமல் என்ற ஆய்வாளர் பழைய கடிதங்களையும் பதிவுகளையும் தேடி எடுத்து, இந்தச் சிலைகளின் பயணத்தை 2012-ல் ஒரு முழு நூலாகவே எழுதினார்.

யோசித்துப் பாருங்கள். தூணின் ஒரு போதிகைக்கும் பேர் கேட்டு, படம் வரைந்து, அது எந்தக் கோயிலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்த மனிதர். அவர் கை வழியாகப் போன யோகினிகளுக்கு இன்றைக்குக் கோயிலே இல்லை. அவர்கள் வரிசையாக அமர்ந்திருந்த அந்தக் கோயில் எங்கே இருந்தது, எப்படி இருந்தது என்பதையே ஆராய்ச்சி செய்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. சித்தன்னவாசலில் அவர் செய்த தப்பைச் சுவரும் கல்வெட்டும் திருத்தின. இங்கே திருத்துவதற்குச் சுவரே இல்லை.

அந்தக் காலம் வேறு, சட்டம் வேறு, ஐரோப்பியர் பலரும் அப்படித்தான் செய்தார்கள், அங்கே கவனிப்பாரில்லாமல் கிடந்ததைத்தானே எடுத்தார் என்று அவருக்காக வாதாடலாம். நானும் முதலில் மனசுக்குள் வாதாடிப் பார்த்தேன். ஆனால் கீழே கிடந்ததைத்தானே எடுத்தேன் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டதும் அதே வாதம்தான். அதற்கு மேல் வாதாட வரவில்லை.

ஆகவே அவரை நான் தூக்கி எறியவும் மாட்டேன், பூஜை அறையில் மாட்டவும் மாட்டேன். ஒரே மனிதர் ரெண்டு விதமாகப் பயணம் போயிருக்கிறார். நோட்டும் பென்சிலுமாகப் போன பயணத்தால் அந்த ஊர்களுக்கு லாபம். சிலை வண்டி ஏறிய பயணத்தால் நஷ்டம்.

நோட்டுப் புத்தகத்தின் வெற்றி

நோட்டும் படமும் எவ்வளவு பலம் வாய்ந்தவை என்பதற்கும் நம்ம ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1955-ல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கிருந்து போட்டோகிராபர்கள் தென்னாட்டுக் கோயில்களுக்குப் போய்ச் சிலைகளை ஆயிரக்கணக்கில் படம் எடுத்தார்கள். சிலையை அங்கேயே விட்டுவிட்டுப் படத்தை மட்டும் கொண்டுவந்து, ஊர் பெயரோடு வரிசைப்படுத்தி வைத்தார்கள்.

பல வருஷம் கழித்து, விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் கற்சிலையும் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜர் ஐம்பொன் சிலையும் திருட்டுப் போய் ஆஸ்திரேலிய அருங்காட்சியகங்களில் உட்கார்ந்திருந்தபோது, இவை இன்ன கோயில் சொத்து என்று நிரூபிக்க அந்தப் பழைய போட்டோக்கள் கைகொடுத்தன. 2014-ல் ரெண்டு சிலையும் இந்தியாவுக்குத் திரும்பி வந்தன. யோகினிகளுக்கும் இப்படி ஒரு படம், அவர்கள் இருந்த இடத்திலேயே எடுத்தது, இருந்திருந்தால்!

திருப்பிக் கொடுத்தேன்

போன மழைக்காலத்தில் நான் மறுபடி அரிக்கமேட்டுக்குப் போனேன், தனியாக. மணியைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனேன். அங்கே காவலுக்கு இருந்த பெரியவரிடம் விஷயத்தைச் சொல்லி நீட்டினேன். திட்டுவார், போலீஸ் என்று மிரட்டுவார் என்று பயந்துகொண்டே நின்றேன். 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் எல்லாம் அதற்குள் படித்திருந்தேன்.

அவர் திட்டவில்லை. மணியை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். அதிகாரி வரும்போது சேர்ப்பிப்பதாகச் சொன்னார். அப்புறம், தம்பி, இதை எந்த இடத்தில் எடுத்தாய் என்று மட்டும் கேட்டார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு சரிவு என்று ஞாபகம். ரெண்டு மழையில் சரிவே மாறியிருந்தது. இங்கேயா, அந்த மாமரத்துக்கு அந்தப் பக்கமா? எத்தனை அடி ஆழத்தில் இருந்த மண் கரைந்து வெளியே வந்தது? பக்கத்தில் பானை ஓடு கிடந்ததா? ஒன்றும் தெரியாது. மூணு வருஷம் சர்வே படித்த எனக்கு ஒரு புள்ளியைக் காட்டத் தெரியவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுக் காகிதத்தை மடித்துக்கொண்டார். அரிக்கமேட்டில் பாசிமணி செய்யும் தொழிலே நடந்தது என்று ஆராய்ச்சிக்காரர்கள் நிறுவியிருக்கிறார்கள். என் மணி எந்தப் பட்டறையில் உருண்டது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இடத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

நாம போகும்போது

தோழர்களே! இன்றைக்கு ஊர் சுற்றுவது சுலபம். சனி ஞாயிறு வந்தால் நம்ம ஊரே வெளியூர் வண்டிகளால் நிரம்பி வழிகிறது. நாமும் கொல்லிமலை, ஜவ்வாதுமலை, நீலகிரி என்று கிளம்பிவிடுகிறோம். கிராமம் பார்க்க, மலைவாழ் மக்களைப் பார்க்க என்றே கட்டணம் வாங்கிக்கொண்டு அழைத்துப் போகிறவர்களும் பெருகிவிட்டார்கள். தப்பில்லை. போகாதவனுக்கு எதுவும் தெரியாது. எப்படிப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

எடுத்து வருவது கல்லும் மணியும் மட்டும் இல்லை. அந்தமானில் ஜாரவா மக்கள் வாழும் காட்டுக்குள் போகும் ரோட்டில் சுற்றுலா வண்டிகள் வரிசையாகப் போய், அவர்களைக் காட்சிப் பொருள் மாதிரி வேடிக்கை பார்த்த கொடுமை உலகத்துக்கே தெரிந்து, 2013-ல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. மனுஷரின் மானத்தையே போனில் அள்ளிக்கொண்டு வருவது எந்த வகை? ஒரு வீட்டு வாசலில் நின்று படம் எடுக்கும் முன்னால், எடுக்கலாமா அம்மா என்று ஒரு வார்த்தை கேட்க என்ன செலவு?

ழுவோ துப்ராய் வாத்தியாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடத்தைச் சொல்லி முடிக்கிறேன். போகிற ஊரில் ஒரு குருவைத் தேடுங்கள். கல்தச்சரோ, குயவரோ, தேன் எடுக்கிறவரோ, ஆடு மேய்க்கும் பாட்டியோ, யாராகவும் இருக்கலாம். அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நமக்குத்தான் டிராயிங் தெரியுமே, அளந்து படம் போடுங்கள். பிள்ளைகள் பாசிமணி விற்க வந்தால் வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கிற வரைக்கும் மண்ணைக் கிளறத்தான் செய்வார்கள். அவர்கள் வீட்டுக் கடையில் டீ குடித்து, வடை சாப்பிட்டு, அந்தக் காசை அங்கே கொடுத்துவிட்டு வாருங்கள். தரையில் எது பளபளத்தாலும் தொடாமல், இடத்தோடு சேர்த்து ஒரு படம் எடுத்து, பொறுப்பில் இருப்பவரிடம் காட்டுங்கள்.

அடுத்த மாதம் எங்கள் வகுப்பில் ஏழு பேர் சேர்ந்து திருபுவனைக்குப் போகிறோம். டேப், டிராயிங் ஷீட், பென்சில் எல்லாம் தயார். எத்தனை போதிகை இருக்கிறதோ அத்தனையையும் வரைந்துவிட்டுத்தான் திரும்புவது என்று திட்டம். வர விருப்பம் உள்ள ஜூனியர் தம்பி தங்கைகள் பேர் கொடுக்கலாம். இன்ஸ்ட்ருமெண்ட் பாக்ஸ் கொண்டு வரவேண்டும். திரும்பி வரும்போதும் அதில் கொண்டுவந்த சாமான் மட்டும்தான் இருக்க வேண்டும்.